பத்தில் ஏழு நாய்கள்: பாலித் தீவு கற்ற பாடம்

2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நார்வே நாட்டு இளம்பெண் ஒருவர் தோழிகளோடு பிலிப்பைன்ஸுக்குச் சுற்றுலா போனார். சாலையோரம் கிடந்த நாய்க்குட்டி ஒன்றைப் பார்த்து இரக்கப்பட்டு, தங்கியிருந்த விடுதிக்குத் தூக்கி வந்தார். குளிப்பாட்டினார், கொஞ்சினார். எல்லாக் குட்டிகளையும் போல அதுவும் விளையாட்டாக விரலைக் கடித்தது. பல் லேசாகப் பட்ட அந்தக் காயத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. ஊர் திரும்பிய பிறகு நோயில் விழுந்தார். மே மாதம் இறந்துபோனார். என்ன நோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. 2025-ல் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு பெண்ணும் இப்படித்தான் இறந்தார். மொராக்கோவுக்குப் போன இடத்தில் தெருநாய்க்குட்டி ஒன்று அவரைக் கீறியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு சாவுக்கும் காரணம் ரேபிஸ். வெறிநாய்க்கடி என்றதும் எச்சில் ஒழுகும், கண் சிவந்த, துரத்தித் துரத்திக் கடிக்கும் நாய்தான் நம் மனக்கண்ணில் வருகிறது. வாலாட்டிக்கொண்டு மடியில் ஏறும் குட்டியும் இந்த நோயைத் தரலாம் என்பது பலருக்குத் தெரியாது. நோய் கண்ட நாயின் எச்சிலில், அது நோயாளி என்று வெளியே தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்பே கிருமி வந்துவிடுகிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. தேனிலவுக்கும் குடும்பச் சுற்றுலாவுக்கும் பாலிக்குப் போகிறவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். பாலிக்கு வரும் வெளிநாட்டவரில் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்த இடத்தில் இப்போது இந்தியர்கள் இருக்கிறார்கள். விமானச் சீட்டு, விடுதி, விசா எல்லாவற்றையும் விசாரிக்கும் நாம், அந்தத் தீவின் நாய்களைப் பற்றி விசாரிப்பதில்லை. விசாரித்தால், உலகம் முழுவதற்கும் பயன்படும் ஒரு வரலாறு அங்கே இருக்கிறது.

நரம்பு வழியே ஒரு பயணம்

ரேபிஸ் வைரஸ் துப்பாக்கிக் குண்டு வடிவம் கொண்டது. கடித்த இடத்துத் தசையில் இறங்கி, சில காலம் அங்கேயே தங்கிப் பெருகும். பிறகு தசையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நரம்பு முனைக்குள் நுழையும். நரம்புக்குள் ஊட்டப் பொருள்களை ஏற்றி இறக்க உடல் வைத்திருக்கும் போக்குவரத்தையே தனக்கு வாகனமாக்கிக்கொண்டு, முதுகுத்தண்டு வழியாக மூளைக்குப் போகும். நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரைதான் அதன் வேகம். காலில் கடித்தால் தூரம் அதிகம். முகத்திலும் கழுத்திலும் கடித்தால் குறைவு. கையிலும் விரலிலும் நரம்பு முனைகள் நெருக்கமாக இருப்பதால் அந்தக் கடிகளும் ஆபத்தானவை. பெரும்பாலும் 2 முதல் 3 மாதங்களில் நோய் வெளிப்படும். ஒரு வாரத்திலும் வரலாம், ஓராண்டு கழித்தும் வரலாம்.

இந்தப் பயணத்தின்போது வைரஸ் நரம்புக்குள் மறைந்திருப்பதால் உடலின் எதிர்ப்புச் சக்தி அதைக் கண்டுகொள்வதில்லை. காய்ச்சல், வலி என்று எந்த எச்சரிக்கையும் இல்லை. காயம் ஆறித் தழும்பும் மறைந்துபோன பிறகு, ஒருநாள் கடிபட்ட இடத்தில் குறுகுறுப்பு தோன்றும். அப்போது வைரஸ் மூளையை எட்டியிருக்கும். தொண்டைத் தசைகள் இழுத்துக்கொள்ள, தாகத்தில் துடிக்கும் நோயாளி தண்ணீர்க் குவளையைக் கண்டாலே நடுங்குவார். அதன் பிறகு மருத்துவத்தால் செய்ய முடிவது அநேகமாக ஒன்றுமில்லை. அறிகுறி தோன்றியபின் பிழைத்தவர்களை உலகம் முழுவதும் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் வைரஸ் மெதுவாக நடப்பதுதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பும். 1885 ஜூலையில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தடுப்பூசி போட்டது கடிபட்ட பிறகுதான். கிருமி மூளையை அடைவதற்குள் உடலில் எதிர்ப்புச் சக்தியை உருவாக்கிவிட்டால் நோய் வராது. நோய்க்கிருமி உடலில் புகுந்த பிறகும் தடுப்பூசி போட்டு முழுமையாகத் தப்பிக்கக்கூடிய நோய்கள் மிகச் சில. அப்படியிருந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் சாகிறார்கள். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு நாய் மூலமாகவே வருகிறது. இறப்பவர்களில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

கடல் காத்த தீவு

2008 வரை பாலியில் ரேபிஸ் கிடையாது. சுற்றிலும் கடல், வெளியிலிருந்து நாய் கொண்டுவரச் சட்டத் தடையும் இருந்தது. தீவின் தென்முனையில் புக்கிட் தீபகற்பம் இருக்கிறது. உலுவாத்து கோயில், ஜிம்பரான் கடற்கரை, நூசா துவாவின் சொகுசு விடுதிகள் எல்லாம் அங்கேதான். 2008 நவம்பரில் அந்தப் பகுதியைச் சேர்ந்த சிலர் இறந்தபோதுதான், தீவுக்குள் ரேபிஸ் புகுந்திருப்பது தெரியவந்தது. வேறொரு இந்தோனேசியத் தீவிலிருந்து படகில் வந்த நாய் ஒன்றுதான் அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. மீனவர்கள் படகில் நாயை அழைத்துச் செல்வது அந்தக் கடற்பகுதியில் வழக்கம்.

அரசு கையிலெடுத்த முதல் ஆயுதம் கொலை. ஸ்டிரிக்னைன் தடவிய ஊசிகளை ஊதுகுழலில் வைத்து நாய்கள் மீது எய்தார்கள். நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கும் அதே நஞ்சு. தசைகள் வெட்டி வெட்டி இழுக்க, மூச்சுத் திணறிச் சாகும் கொடிய சாவு அது. பல்லாயிரம் நாய்கள் இப்படிச் செத்தன. நோய் நின்றதா? இல்லை. 2010-க்குள் பாலியின் ஒன்பது மாவட்டங்களிலும் அது பரவிவிட்டது. அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தெருநாயாகத் தெரிபவற்றில் பெரும்பாலானவை பாலியில் வீடுள்ள நாய்கள். கட்டிப்போடும் வழக்கம் இல்லை, அவ்வளவுதான். பகலெல்லாம் தெருவில் திரிந்துவிட்டு வேளைக்குச் சோற்றுக்கு வீடு திரும்பும். இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்தத் தீவில், தருமர் தன்னோடு வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புக மறுத்த கதை எல்லோருக்கும் தெரியும். நஞ்சூசிக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் மக்கள் நாயை ஒளித்துவைத்தார்கள். பக்கத்து ஊர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். நோயும் கூடவே போயிற்று. நாயை இழந்தவர்கள் புதுக் குட்டி வாங்கினார்கள். அந்தக் குட்டிக்குத் தடுப்பூசி இருக்காது. கொலைக்கு நடுவே ஆங்காங்கே தடுப்பூசியும் போட்டார்கள்; அப்படி ஊசி போட்டிருந்த நாய்களும் நஞ்சுக்குப் பலியாயின. நோயைத் தடுக்கும் சுவரைக் கட்டிக்கொண்டே இடித்துக்கொண்டும் இருந்தார்கள்.

இந்தப் பாடம் பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது என்பதுதான் வேதனை. 1997-ல் சுலாவெசி அருகிலுள்ள பூட்டோன் தீவிலிருந்து வந்த நாய்கள் வழியாக ஃப்ளோரெஸ் தீவுக்குள் ரேபிஸ் நுழைந்தது. அங்கே லட்சக்கணக்கில் நாய்களைக் கொன்றார்கள். இன்றுவரை அந்தத் தீவை விட்டு நோய் போகவில்லை.

வலை, ஊசி, சிவப்புப் பட்டை

திருப்பம் வந்தது தடுப்பூசியால். பாலி விலங்கு நலச் சங்கமும் பன்னாட்டு விலங்குக் காப்பு அமைப்பும் முதலில் பாங்லி மாவட்டத்தில் செய்து காட்டின. பிறகு அரசோடு சேர்ந்து 2010 செப்டம்பர் முதல் தீவு முழுவதும் முகாம் நடத்தின. முதலில் கையிருப்பில் இருந்த உள்நாட்டுத் தடுப்பூசியின் பலன் சில மாதங்களே நின்றது. இந்த முறை நீண்ட காலம் பலன் தரும் ஊசி வந்தது.

வேலை நடந்த விதம் எளிமையானது. குழு விடியற்காலையில் கிராமத்துக்கு வரும். மடியில் தூக்கிவரக்கூடிய நாய்களை உரிமையாளர்களே கொண்டுவருவார்கள். கிட்டே நெருங்க விடாத நாயை, நீண்ட பிடி போட்ட வலையை வீசிப் பிடிப்பார்கள். வலையை ஒரு முறுக்கு முறுக்கியதும் நாய் அசைய முடியாது. வலைக் கண்ணுக்கு மேலாகவே ஊசி. கழுத்தில் சிவப்புப் பட்டை. வலையைத் தளர்த்தினால் நாய் எழுந்து ஓடிவிடும். எல்லாம் ஓரிரு நிமிடம். பட்டை இருந்தால் அது ஊசி போட்ட நாய், கொல்லக் கூடாது என்று ஊருக்கே தெரியும். சில மாதங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களுக்கு இப்படி ஊசி போட்டார்கள். மனிதச் சாவு ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. 2013-ல் ஒன்றே ஒன்று.

எல்லா நாய்க்கும் போட வேண்டியதில்லை. பத்தில் ஏழு நாய்க்குப் போட்டால் போதும். ஒரு வெறிநாய் சராசரியாக ஒன்றுக்குச் சற்று அதிகமான நாய்களுக்குத்தான் நோயைத் தருகிறது. பாலியில் அந்த எண் சுமார் 1.2 என்று கணக்கிட்டார்கள். அடுப்பில் வைத்த விறகில் பெரும்பகுதி ஈரமாக இருந்தால் தீ தானே அணைந்துபோவது போலத்தான் இதுவும். எண் இவ்வளவு சிறியது என்றால் பத்தில் இரண்டு மூன்று நாய்க்குப் போட்டாலே போதாதா என்று கேட்கலாம். அந்த நாளுக்குப் போதும். அடுத்த ஆண்டுக்குப் போதாது. தெருவில் திரியும் நாயின் ஆயுள் குறைவு. ஊசி போட்டவை சாகின்றன, போடாத குட்டிகள் பிறக்கின்றன. இன்று 70 விழுக்காடாக இருக்கும் பாதுகாப்பு ஓராண்டுக்குள் மளமளவென்று இறங்கிவிடும். அதனால்தான் 70-லிருந்து தொடங்க வேண்டும், ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டும், ஒரு கிராமத்தைக்கூட விட்டுவிடக் கூடாது.

விட்டால் என்ன ஆகும் என்பதையும் பாலியே காட்டிவிட்டது. நோய் அடங்கிவிட்டது என்ற நிம்மதியில் முகாம்கள் தளர்ந்தன. 2015-ல் மீண்டும் சாவுகள் கூடின. கொரோனாக் காலத்தில் நாய்த் தடுப்பூசிப் பணி தேங்கியது. 2022-ல் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தளராமல் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கோவாவின் கடற்கரைகளிலும் நாய்கள் நிறைய. ‘மிஷன் ரேபிஸ்’ அமைப்பும் மாநில அரசும் சேர்ந்து அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் நாய்களுக்கு ஊசி போடும் நிலையை எட்டின. எந்தத் தெருவில் எத்தனை நாய்க்குப் போட்டோம் என்பதைக் கைப்பேசிச் செயலியில் பதிந்து, விடுபட்ட தெருவைத் தேடிப் போனார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். நாய்களிடையே நோய் 92 விழுக்காடு குறைந்தது. 2014-ல் ரேபிஸால் பதினைந்து பேர் வரை இறந்த மாநிலத்தில், 2018-லும் 2019-லும் ஒருவரும் சாகவில்லை.

பயணி செய்ய வேண்டியது

நாயைத் தொடாதீர்கள், குட்டியையும்தான். பாலியின் உபுட் குரங்குக் காட்டிலும் உலுவாத்திலும் குரங்குக் கடியும் கீறலும் சாதாரணம்; அவற்றையும் அலட்சியம் செய்யக் கூடாது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். விளையாடும்போது நாய் கடித்ததை, திட்டு வாங்குவோம் என்று மறைக்கும் குழந்தைகள் உண்டு.

கடித்தாலோ கீறினாலோ, புண் உள்ள தோலில் நாய் நக்கினாலோ, முதல் வேலை சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவது. இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதையும் அப்பாதீர்கள்.

அடுத்தது தடுப்பூசி. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்த மருந்தை இந்தியா கைவிட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கையில் போடும் நான்கைந்து ஊசிதான். ரத்தம் வந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்; அதுவரை கிருமியைக் காயத்திலேயே மறித்து நிறுத்துவது இதுதான். சிக்கல் என்னவென்றால், பாலி உட்படப் பல சுற்றுலா இடங்களில் இது எளிதில் கிடைப்பதில்லை. வசதியுள்ள பயணி சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறார். அதே நாய் கடித்த கிராமத்துக் குழந்தை எங்கே போகும்?

பயணத்துக்கு முன்பே ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டால், கடிபட்டாலும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது; மேலும் இரண்டு ஊசி போதும். குழந்தைகளோடு போகிறவர்களும் நீண்ட நாள் தங்குகிறவர்களும் இதைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும். ஆனால் பயணி தனக்குப் போட்டுக்கொள்ளும் ஊசி அவருக்கு மட்டுமே கவசம். சுற்றுலாவால் வாழும் ஊர்கள் தங்கள் வருவாயில் ஒரு பங்கை நாய்களின் தடுப்பூசிக்கு ஒதுக்கினால், விருந்தாளியும் உள்ளூர்ப் பிள்ளையும் சேர்ந்தே தப்புவார்கள். கடற்கரையில் அழகுக்காக நாய்களை விரட்டுவதும் கொல்வதும் யாரையும் காப்பாற்றாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெளியூரில் ஊசியைத் தொடங்கிவிட்டு, ஊர் திரும்பியதும் மிச்சத்தை மறந்துவிடுகிறவர்கள் பலர். கடைசி ஊசி வரை போட்டால்தான் சிகிச்சை முழுமை. கடித்துப் பல வாரங்களோ மாதங்களோ ஆகிவிட்டாலும், அறிகுறி இல்லாதவரை ஊசி போட்டுக்கொள்ளலாம். இதைப் படிக்கும்போது அண்மையில் பட்ட ஒரு கீறலோ, பிள்ளையின் காலில் பார்த்த பல் தடமோ நினைவுக்கு வந்தால், நாளைக் காலை அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே இந்த ஊசி இலவசம்.