கொல்லிமலையும் கம்பவாதமும்

கை நடுங்குவதையும் நடை தளர்வதையும் மூப்பின் கூறென்று கருதி வாளாவிருப்பது நம் ஜனங்களின் வழக்கமாகிவிட்டது. 1817-ஆம் வருஷத்தில் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்னும் லண்டன் வைத்தியர் இந்நோயை விவரித்து எழுதினார். இதை ஒத்ததொரு பிணியை நம் ஆயுர்வேத நூல்கள் கம்பவாதமென்று குறித்திருக்கின்றன. மூளையில் டோபமைன் என்னும் பொருளை உண்டாக்கும் அணுக்கள் நசிப்பதே இதற்குக் காரணம். அடியோடு நீக்கும் மருந்து இன்னும் கிடைத்திலது. உள்ள மருந்துகள் விறைப்பையும் நடுக்கத்தையும் தணிக்கும். எனினும் பொத்தான் மாட்டவும், கவளத்தை வாய்க்குக் கொண்டுசெல்லவும், வாசற்படியைத் தாண்டவும் மருந்து மட்டும் போதுவதில்லை.

அன்றாடக் காரியங்களை மீளப் பழக்குவதே ‘ஆக்குபேஷனல் தெரபி’ எனப்படும் செயல்வழிச் சிகிச்சை. ஒரு வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றாய்ச் செய்தல். மருந்தின் பலன் மிகுந்த வேளையில் குளித்தல், உடுத்தல். பாதம் தரையில் ஒட்டினாற்போல் நின்றுவிட்டால் தாளமிட்டோ, தரையிலிட்ட கோட்டைத் தாண்டியோ அடியெடுத்து வைத்தல். தடித்த பிடியுள்ள கரண்டி, சுவரில் கைப்பிடி ஆகியவையே அதன் உபாயங்கள். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நோயாளியின் வீட்டை நேரில் கண்டு யோசனை கூறும் நிபுணரே வேண்டும்.

கொல்லிமலைவாசிகளுக்கு இது எங்ஙனம் கிட்டும்? சமவெளியில் நடக்கவே தடுமாறும் முதியவரை, 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து அடிக்கடி இறங்கி வரச் சொல்வது நியாயமாகுமா? அப்படியே வந்தாலும், ஆஸ்பத்திரியின் சமதரையில் பழகிய நடை மலைச்சரிவில் எவ்வளவு தூரம் உதவும்?

ஹாலந்து தேசத்தில் 191 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 10 வாரம் வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்கள் தங்கள் அன்றாடக் காரியங்களில் அபிவிருத்தி கண்டதாகக் கூறினர். பிரிட்டனில் 762 பேரைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியான சோதனையிலோ, தேகப்பயிற்சிச் சிகிச்சையுடன் சேர்த்து ஒரு சில தடவையே இது அளிக்கப்பட்டது, பலன் காணப்படவில்லை. பெயரளவில் செய்வது பயன் தராதென்பதே இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம்.

இச்சிகிச்சை நமக்குப் புதிதன்று. கமலா நிம்ப்கர் அம்மையார் 1950-இலேயே பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இதற்கொரு பள்ளியைத் தொடங்கினார். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. 2021-இல் நம் மாகாணத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இல்லந்தோறும் செல்லும் வழியையும் காட்டிவிட்டது. அவ்வழியே செயல்வழிச் சிகிச்சை நிபுணரும் முறையாக மலையேற வேண்டும். தன் கையால் தான் உண்பது மனிதனின் சுயமரியாதை. அதை மலைவாசிக்கு மறுப்பது சுதந்திர தேசத்துக்கு அழகல்ல.