சாரக்கட்டும் கூத்துக் களரியும்: கற்றலில் துணையின் இடம்

சுவர் எழும்போது சாரம் கட்டப்படுகின்றது. சுவர் தன் வலுவில் நின்றதும் அது கழற்றப்படுகின்றது. கற்போனுக்குரிய துணையும் இத்தகையதே என்னும் கருத்தை வூட், புறூணர், றொஸ் ஆகியோர் 1976இல் முன்வைத்தனர். பிள்ளை தனித்துச் செய்யக்கூடியதற்கும் பிறர் துணையுடன் செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட எல்லையிலேயே கற்பித்தல் பயன்தரும் என்பது வைகொட்ஸ்கியின் (1896–1934) கொள்கை. அத்துணை ஆசிரியராகவும் இருக்கலாம். ஆற்றல் மிக்க சகபாடியாகவும் இருக்கலாம்.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை, படுவான்கரை ஊர்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் பழக்கப்படும் முறையை இக்கண்கொண்டு நோக்குவோம். அண்ணாவியார் அவரவர் பாத்திரத்துக்குரிய பாடல்களைச் 'சட்டமாக'க் கொடுக்கிறார். தாளக்கட்டைத் தாமே சொல்லி, மத்தளம் வாசித்து ஆட்டத்தைப் பழக்குகிறார். புதியவன் முன்பு ஆடியவரைப் பார்த்துக் காலடி வைக்கிறான். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனப் படிகள் தொடர்கின்றன. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை மேடையேற்றியபோது, பல்கலைக்கழக மாணவர்களும் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரிடம் இவ்வாறே பழகினர்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, பழகுபவனுக்காகக் கூத்து எளிமையாக்கப்படுவதில்லை. துணையே கூட்டப்பட்டுப் பின்னர் குறைக்கப்படுகின்றது. மற்றொன்று, எல்லாத் துணையும் கழற்றப்படுவதில்லை. கூத்தன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுகையில் அவனுக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கின்றது. அரங்கேற்றத்திலும் இத்துணை நீடிக்கின்றது. அது குறைபாடன்று, கலையின் உறுப்பு.

நமது வகுப்பறைகளோ பரீட்சையை முன்னிறுத்திச் சகபாடியைப் போட்டியாளனாக்குகின்றன. வீட்டில் பாடஞ் சொல்லித்தர எவருமற்ற பிள்ளைக்கு, அருகிலிருக்கும் மாணவனே கிடைக்கக்கூடிய துணை. அதனை மறுப்பது அப்பிள்ளையைக் கல்வியிலிருந்தே விலக்குவதாகும். விளக்குபவனும் இழப்பதில்லை, பிறனுக்குச் சொல்லும்போதே தன் அறிவிலுள்ள இடைவெளியை அவன் காண்கிறான்.

எனினும் மரபை நாம் அப்படியே போற்றவேண்டியதில்லை. மரபுவழிக் களரியில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். குழுக்கற்றலிலும் இத்தகைய விலக்கு நிகழக்கூடும்: வல்லவன் பேச, மற்றவன் பார்த்தெழுதுவான். எனவே குழுவில் பொறுப்புகள் சுழலவேண்டும். விடையைக் கொடாது, அடியெடுத்துக் கொடுக்கும் பழக்கம் வளரவேண்டும். சாரத்தை எப்போது கட்டுவது, எதனைக் கழற்றுவது, எதனை விட்டுவைப்பது என அறிவதே ஆசிரியப்பணி. அதனை நம் அண்ணாவியார்கள் செயலிலே காட்டியுள்ளனர்.