மூத்த ஆட்டக்காரரும் அணியின் வலிமையும்

விளையாட்டு அணியொன்றிற்கு ஆட்டக்காரரைத் தெரிவோர், வயது முதிர்ந்த ஒருவரை மீண்டும் சேர்க்க முற்படுங்கால் இரு வினாக்கள் எழுதல் இயல்பு. அவர் இன்னும் ஆட வல்லவரோ என்பது ஒன்று. அவர் வரவால் அணி உண்மையில் வலிமை பெறுமோ என்பது மற்றொன்று. முன்னதற்கு ஒரு மாதப் பயிற்சியே விடை கூறிவிடும். பின்னதே ஆராயற்பாலது.

கூடைப்பந்தாட்டத்தில் ஐவரும் 28 மீற்றர் நீளமான களம் முழுவதும் ஓடுதல் வேண்டும். தளர்ந்த கால்களை அவ்வாட்டம் விரைவிற் காட்டிக்கொடுத்துவிடும். எனினும், 1996 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ புல்ஸ் அணியினர் 43 வயதினரான றொபேட் பரிஷ் என்பாரை ஒப்பந்தஞ் செய்துகொண்டனர். 82 ஆட்டங்கள் கொண்ட அப்பருவத்தில் அவர் 43 ஆட்டங்களிலேயே இறங்கினார். அவற்றிலும் சராசரியாகப் பத்து நிமிடத்திற்குங் குறைவாகவே ஆடினார். இளையோர் இளைப்பாறும் பொழுதை நிரப்புவதே அவர் பணி. 1997 இல் அவ்வணி வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றது.

நம் நாட்டு உதாரணம் இதற்கு நேர்மாறானது. அது வலைப்பந்தாட்டத்திற்கு உரியது. 1891 இல் நெய்ஸ்மித் வகுத்த கூடைப்பந்தாட்டமே, பின்னர் இங்கிலாந்தின் மகளிர் உடற்பயிற்சிக் கல்லூரியிற் புகுந்து, வேறு விதிகள் பெற்று வலைப்பந்தாட்டமாயிற்று. அவ்விதிகளை ஊன்றி நோக்குதல் வேண்டும். எழுவருள் கோல் எறியும் உரிமை இருவர்க்கே உண்டு. அவருள் ‘கோல் எறிபவர்’ எனப்படுவார், மூன்றாகப் பகுக்கப்பட்ட களத்தின் ஒரு பகுதியை விட்டு வெளியேறலாகாது. பந்துடன் ஓடுதலும் கூடாது. தடுப்பவரோ பந்து வைத்திருப்பவரிடமிருந்து மூன்று அடி விலகி நிற்றல் வேண்டும். எனவே ஓட்டம் குறைந்தும், உயரமும் கைத்திறனும் குறையாதிருப்பவர்க்கு இதனினும் உகந்த இடம் பிறிதொன்று உண்டோ!

யாழ்ப்பாணத்திற் பிறந்து கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயின்ற தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர் உயரமுடையவர். வளையமோ 305 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ளது. 2009 இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபொழுது அவர் முப்பது வயதினர். இடையிலே தேசிய அணியில் இல்லாதிருந்து, 39 ஆம் வயதில் மீண்டு வந்தார். 2018 இறுதியாட்டத்தில் இலங்கை சிங்கப்பூரை 69–50 என வென்று, ஒன்பது ஆண்டுகளின் பின் கிண்ணத்தை மீட்டது. 2022 இலும் அதே அணியை 63–53 என வென்றது. அப்பொழுது அவர்க்கு வயது 43. பரிஷ் சிக்காகோவிற்குச் சென்ற வயதும் அதுவே. ஆனால் இவர் ஓய்வுநேரத் துணையாக வந்தவரல்லர். தாக்குதல் முழுவதையுந் தாங்கிய தூண்.

இங்கேதான் இரண்டாம் வினா நம்மை எதிர்கொள்கின்றது. 2019 இல் லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் 348 கோல்கள் எறிந்து எல்லா நாட்டவரினும் முதலிடம் பெற்றவர் தர்ஜினியே. இலங்கை பெற்ற இடமோ பதினாறு அணிகளுட் பதினைந்தாவது! உலகின் மிகுதியான கோல்களை எறிந்தவரை உடைய அணி கடைசிக்கு முன்னே நின்றதெவ்வாறு? பந்தை இடைக்களத்தில் இழப்பின் அது எறிபவர் கைக்கு வாராது. எதிரணி எறிவதைத் தடுத்தல் அவர் பணியன்று. தமக்குரிய பகுதியைக் கடந்து சென்று உதவ விதியும் இடந்தராது. ஆசியாவில் அவர் உயரம் ஏனைய குறைகளை மறைத்தது. அவுஸ்திரேலியா போன்ற அணிகளின் முன் மறைக்க இயலவில்லை.

இதனால் அவரை மீள அழைத்தது தவறென்று கூறுதல் பொருந்தாது. அவரின்றி அவ்விரு கிண்ணங்களும் கிட்டியிருத்தல் அரிது. குறை வேறிடத்தது. இருவர்க்கே உரிய எறியும் இடங்களுள் ஒன்றை ஒருவரே பல்லாண்டு நிரப்பின், அவ்விடத்திற்குப் பயிலும் இளையவள் சர்வதேச ஆட்டத்தின் பதற்றத்தை எங்ஙனம் அறிவாள்? பாடசாலைப் போட்டிகளில் நன்கு எறிந்தும், அதன் பின் பெயர் கேளாமற்போன மாணவியர் பலராவர். ஆட்டம் பதினைந்து நிமிடக் காற்பகுதிகள் நான்கு கொண்டது. இடைவேளையில் ஆளை மாற்ற விதி இடந்தருகின்றது. வெற்றி உறுதியான ஆட்டங்களில் இறுதிக் காற்பகுதியை இளையவளுக்கு அளித்து, மூத்தவரை ஓரத்தில் அமர்த்துதல் தெரிவாளரும் பயிற்சியாளரும் ஒப்பந்தஞ் செய்யும் நாளிலேயே முடிவுசெய்யத்தக்கது.