முன் ஷாக் அப்சார்பர் மாற்றியபின் ஏற்படும் ஸ்டீயரிங் கோளாறுகள்

காரின் முன்பக்க ஷாக் அப்சார்பர்களை (அதிர்வுறிஞ்சிகளை) மாற்றிய பிறகு வண்டி ஒரு பக்கமாக இழுப்பது, நேராக ஓடும்போதும் ஸ்டீயரிங் கோணலாக நிற்பது, வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுநிலைக்கு வராமல் இருப்பது, சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே முன் டயரின் ஓரம் தேய்வது ஆகியவை பரவலாகக் காணப்படும் கோளாறுகள் ஆகும். புதிதாக வாங்கிய பாகம் சரியில்லை என்றே பலரும் எண்ணுவர். பெரும்பாலும் பாகத்தில் குறை இருப்பதில்லை. அதை மாற்றுவதற்காகக் கழற்றும் இரண்டு போல்ட்டுகளே சக்கரம் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கின்றன. அவற்றைத் தொட்டால் சக்கரத்தின் நிலையையும் தொட்டதாகவே பொருள்.

எந்தக் கார்களில் ஏற்படுகிறது

நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் 'ஷாக்' என்றே பெயர். ஆனால் இரண்டு வேறுபட்ட அமைப்புகள் இப்பெயரில் அடங்கும்.

முதலாவது, டபுள் விஷ்போன் எனப்படும் அமைப்பு. இதில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கைகள் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைப் பிடித்திருக்கும். ஷாக் அப்சார்பரின் வேலை குலுக்கலை அடக்குவது மட்டுமே. இதை மாற்றினால் சக்கரத்தின் கோணம் மாறாது. டொயோட்டா இன்னோவாவின் முன்பக்கம் இவ்வகையைச் சேர்ந்தது.

இரண்டாவது, மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் ஜெனரல் மோட்டார்ஸில் செவர்லே சிறிய கார் திட்டம் ஒன்றில் பணியாற்றினார். அத்திட்டம் கைவிடப்பட்டதும் ஃபோர்டு நிறுவனத்தில் சேர்ந்தார். 1950இல் அறிமுகமான பிரிட்டிஷ் ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்கள் இவ்வமைப்பைப் பரவலாக்கின. இதில் மேல் கையே கிடையாது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண் போன்ற ஸ்ட்ரட், மேலே மூன்று நட்டுகளால் (சில வண்டிகளில் இரண்டு) காரின் உடலோடும், கீழே இரண்டு போல்ட்டுகளால் நக்கிளோடும் இணைகிறது. இடம் குறைவு, செலவும் குறைவு. இந்தியாவில் 1983 இறுதியில் வந்த மாருதி 800 தொடங்கி, ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஸ்விஃப்ட் எனப் பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கம் இவ்வமைப்பே. இக்கட்டுரையில் சொல்லப்படுபவை இவ்வகைக் கார்களுக்கே உரியவை.

மூன்று கோணங்கள்

காருக்கு முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலைப்பகுதி வெளியே அல்லது உள்ளே சாய்ந்திருப்பது கேம்பர். மேலிருந்து பார்த்தால், இரண்டு முன் சக்கரங்களும் முன்புறம் நெருங்கியோ விலகியோ இருப்பது டோ. நாம் நிற்கும்போது கால் பெருவிரல்களை உள்நோக்கியோ வெளிநோக்கியோ வைத்துக்கொள்வதைப் போன்றது இது. பக்கவாட்டில் நின்று பார்த்தால், சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது கேஸ்டர். சைக்கிளின் முன் கவட்டை சாய்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். விட்டால் ஸ்டீயரிங் தானாக நேராவதற்குக் கேஸ்டரே முதன்மைக் காரணம்.

கழற்றி மாட்டும்போது நடப்பது

ஸ்ட்ரட்டின் அடிப்பகுதியில் உள்ள துளைகள், அவற்றினுள் செல்லும் போல்ட்டுகளைவிடச் சற்றே பெரியவை. சற்றே என்றால் எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு போல்ட்டுகளுக்கும் இடையே 60 மி.மீ. தொலைவு என்று வைத்துக்கொள்வோம். மேல் போல்ட்டு இருக்கும் இடத்தில் நக்கிள் 1 மி.மீ. மட்டும் நகர்ந்தால், அது சாயும் கோணம் அறுபதில் ஒரு பங்கு ரேடியன், அதாவது ஏறத்தாழ ஒரு பாகை. சிறிய காரின் டயர் 550 மி.மீ. உயரம் எனில், அதன் தலைக்கும் காலுக்கும் இடையே 9 மி.மீ. வேறுபாடு உண்டாகும். துளையில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி சாலையில் டயரைத் தின்னும் சாய்வாகிறது.

ஜாக்கியில் வண்டி நிற்கையில் இடது நக்கிள் ஒரு பக்கமும் வலது நக்கிள் வேறு பக்கமும் ஒதுங்கிய நிலையில் போல்ட்டை முறுக்கினால், இரு சக்கரங்களின் கேம்பரும் ஒன்றாக அமையாது. வண்டி, தலைப்பகுதி அதிகமாக வெளியே சாய்ந்த சக்கரத்தின் பக்கம் இழுக்கும். போல்ட்டுகளைப் போதிய அளவு முறுக்காமல் விட்டாலோ இன்னும் மோசம். முதல் பள்ளத்தில் இறங்கும்போதே நக்கிள் நழுவிவிடும்; அலைன்மென்ட் செய்திருந்தாலும் வீண். டார்க் ரெஞ்ச் வைத்து, தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு முறுக்க வேண்டும்.

கேம்பர் மாறினால் டோவும் கூடவே மாறும். நக்கிள் சாயும்போது அதனுடன் இணைந்த டை ராட் நீளாது, குறுகாது. ஆகவே சக்கரம்தான் திரும்பியாக வேண்டும். எத்திசையில் திரும்பும் என்பது டை ராட் அச்சுக்கு முன்னே உள்ளதா பின்னே உள்ளதா என்பதைப் பொறுத்தது. தொய்ந்த பழைய ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றியிருந்தால் வண்டியின் உயரம் கூடி, அதனாலும் டோ மாறும்.

டோ தவறினால் என்ன இழப்பு என்பதையும் கணக்கிடலாம். மொத்தம் 3 மி.மீ. பிழை என்றால் ஒரு சக்கரத்துக்கு 1.5 மி.மீ. அதை 550ஆல் வகுத்தால் 0.0027. அதாவது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் 2.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 10,000 கி.மீ. ஓடினால் 27 கி.மீ. பக்கவாட்டில் இழுத்துச் சென்றதற்குச் சமம்.

ஓர் அனுபவம்

இக்கட்டுரையாளரின் சிறிய காரில் இரண்டு ஸ்ட்ரட்டுகளையும் மாற்றிய மறுநாளே வண்டி இடப்பக்கம் இழுத்தது. அலைன்மென்ட் கடையில் கணினித் திரையில் டோ பச்சை நிறத்தில் வரும்வரை டை ராடைத் திருப்பி, 'சரியாகிவிட்டது சார்' என்றார்கள். இழுப்பு போகவில்லை. பட்டறையில் கேட்டால் டயர் என்றார்கள். டயர் கடையில் கேட்டால் ஷாக் என்றார்கள். கடைசியில் வேறொரு மூத்த மெக்கானிக் அலைன்மென்ட் தாளை வாங்கி, யாரும் பார்க்காத கேம்பர் வரிசையைப் பார்த்தார். இடது சக்கரம் வலதைவிட ஏறத்தாழ ஒரு பாகை கூடுதலாக வெளியே சாய்ந்திருந்தது. போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தின் தலையை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு முறுக்கினார். பிறகு டோவை மீண்டும் சரிசெய்ததும் வண்டி நேரானது. புதுப் பாகம் எதுவும் வாங்கவில்லை.

பல சிறிய கார்களில் கேம்பரைத் திருத்தத் தனியான அமைப்பு கிடையாது. அதனால் கடைக்காரர்கள் டோவை மட்டும் திருத்திவிட்டு, கேம்பர் சிவப்பாக இருந்தாலும் 'இதில் அட்ஜஸ்ட்மென்ட் இல்லை' என்று விட்டுவிடுவது உண்டு. ஸ்ட்ரட் மாற்றிய வண்டியில் இதை ஏற்கக் கூடாது. அந்த இரண்டு போல்ட்டுகளின் இடைவெளியிலேயே ஓரளவு திருத்தம் கிடைக்கும். போதாவிட்டால், மையம் விலகிய தனிவகைக் கேம்பர் போல்ட்டுகள் உள்ளன.

அலைன்மென்டால் தீராதவை

ஸ்டீயரிங் கனமாகி, திருப்பிய இடத்திலேயே நின்றுவிட்டாலோ, நின்ற இடத்தில் திருப்பும்போது ஸ்பிரிங் 'டங்' என்று அதிர்ந்தாலோ, ஸ்ட்ரட்டின் உச்சியில் உள்ள பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பழைய பேரிங்கையே மீண்டும் போட்டிருப்பார்கள், அல்லது ஸ்பிரிங்கின் முனை அதற்குரிய பள்ளத்தில் உட்கார்ந்திராது. எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் இது தீராது. பேரிங்கும் மேல் மவுண்ட் ரப்பரும் ஸ்ட்ரட்டோடு சேர்த்து மாற்றப்பட வேண்டியவை. அப்போது மிச்சம்பிடிக்கும் சில நூறு ரூபாய்க்காக, மறுபடியும் முழுக் கூலி கொடுக்க நேரிடும்.

உச்சியில் உள்ள நடு நட்டை, ஸ்பிரிங்கை அதற்குரிய கருவியால் அழுத்திப் பிடிக்காமல் ஒருபோதும் கழற்றக் கூடாது. அழுந்திய ஸ்பிரிங் விடுபட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல இது.

பிரேக் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ரட்டைக் கழற்றியதும் நக்கிளை அந்த ஹோஸிலேயே தொங்கவிடுவது கெட்ட பழக்கம்.

கோணலாக நிற்கும் ஸ்டீயரிங்

வண்டி நேராக ஓடி, ஸ்டீயரிங் மட்டும் கோணலாக இருந்தால், மொத்த டோ சரி, ஆனால் இரு பக்கமும் சமமாகப் பங்கிடப்படவில்லை என்று பொருள். ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி வைத்து, ஒரு டை ராடை நீட்டி மற்றதைக் குறைக்க வேண்டும். சிலர் ஸ்டீயரிங்கையே கழற்றி நேராக மாட்டிக் கொடுப்பர். இது கோளாறை மறைப்பதே. ஏர்பேக் உள்ள வண்டியில் ஆபத்தும் கூட.

சோதிக்கும் முறை

இந்தியச் சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். இடப்பக்கமாக ஓட்டும்போது வண்டி இலேசாக இடப்புறம் ஒதுங்குவது இயல்பு. சமதளத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே குறை சொல்ல வேண்டும். டயர் மீது ஐயம் இருந்தால் இரு முன் டயர்களையும் இடம் மாற்றிப் பார்க்கலாம் (சுழலும் திசை குறிக்கப்பட்ட டயர்கள் நீங்கலாக). இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது.

அலைன்மென்டுக்குமுன் காற்றழுத்தம், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் ஆகியவற்றின் ஆட்டம் பார்க்கப்பட வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் கொண்ட தாளைக் கேட்டு வாங்குவது நல்லது. இடது, வலது கேம்பர்களுக்கு இடையே அரை பாகைக்கு மேல் வேறுபாடு இருந்தால் பட்டறைக்கே திரும்பிச் செல்லலாம். தாளில் 0°30′ என்றிருப்பது அரை பாகை, 0.30° என்றிருப்பது 18 நிமிடம்தான். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.

கருவி இல்லாத ஊரில், கொத்தனாரின் தூக்குக்குண்டு உதவும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக்கி, சக்கரத்தின் நடுவில் நூல் விழும்படி மேலே மட்கார்டிலிருந்து குண்டைத் தொங்கவிட வேண்டும். நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும், நூலுக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரங்களை அளக்க வேண்டும். டயரில் அளந்தால் அடியில் உள்ள புடைப்பு ஏமாற்றும். 12 அங்குல ரிம்மில் 5 முதல் 6 மி.மீ. வேறுபாடு ஒரு பாகைக்குச் சமம். மறுபக்கச் சக்கரத்தையும் அவ்வாறே அளந்து ஒப்பிட்டால், கோளாறு போல்ட்டிலா வேறிடத்திலா என்பது தெரிந்துவிடும்.