உப்பு கரையும் உடம்பு... உடற்பயிற்சி உதவுமா, தசையைக் கெடுக்குமா? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் கவனத்துக்கு!

மாமல்லபுரம் கடலில் சர்ஃபிங் பலகையுடன் இறங்கும் இளைஞர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. 2023 ஆகஸ்டில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியே இங்கு நடந்தது. இந்த விளையாட்டுக்கும், நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் ஒரு பரம்பரை நோய்க்கும் தொடர்பு உண்டு என்றால் நம்ப முடிகிறதா?

அந்த நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். ஆஸ்திரேலியாவில் இந்த நோயுள்ள சிலர் தொடர்ந்து கடலில் சர்ஃபிங் செய்துவந்தார்கள். அவர்களுக்கு நுரையீரல் நன்றாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். கடலின் உப்புச்சாரல்தான் காரணமோ என்று ஆய்வில் இறங்கினார்கள். 164 நோயாளிகளிடம் 48 வாரங்கள் நடந்த அந்த ஆய்வு 2006-ல் வெளியானது. 7 சதவிகித உப்புக் கரைசலை நெபுலைசர் மூலம் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் தொந்தரவு முற்றுவது குறைந்தது. இன்று அது உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் சிகிச்சை. ஆனால், வீட்டு உப்பைக் கரைத்து நெபுலைசரில் ஊற்றிவிடாதீர்கள். மூச்சுக்குழாய் சுருங்கிவிடலாம் என்பதால், முதல்முறை மருத்துவர் முன்னிலையில்தான் கொடுப்பார்கள்.

இது நம்ம ஊர் நோயா?

'வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் வரும் நோய்' என்றுதான் இங்கே நீண்டகாலம் நினைத்தார்கள். உண்மை அதுவல்ல, நம் ஊரில் கண்டுபிடிக்கப்படாமல் போவதே அதிகம். சி.எஃப்.டி.ஆர் என்ற மரபணுவில் ஏற்படும் கோளாறுதான் காரணம். இந்த மரபணு 1989-ல் கண்டறியப்பட்டது. அப்பா, அம்மா இருவரிடமும் பழுதான பிரதி ஒன்று இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவிகித வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே திருமணம் செய்யும் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அடிக்கடி நிமோனியா, எண்ணெய்ப்பிசுக்கான மலம், சாப்பிட்டும் ஏறாத எடை, முத்தமிட்டால் உப்புக்கரிக்கும் கன்னம்... இவையெல்லாம் அறிகுறிகள். கோடையில் குழந்தை திடீரென்று துவண்டு, ரத்தத்தில் உப்பும் பொட்டாசியமும் குறைந்திருந்தால் இந்த நோயையும் சந்தேகிக்க வேண்டும். வியர்வைப் பரிசோதனையில் குளோரைடு அளவு 60-ஐத் தொட்டால் நோய் இருக்கிறது என்று பொருள். செங்கல்பட்டுப் பகுதி பெற்றோர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் முதலில் காட்டலாம். வேலூர் சி.எம்.சி-யில் இந்த நோய்க்கெனத் தனி கிளினிக் இருக்கிறது.

ஓடி ஆடலாமா?

தாராளமாக. ஆட வேண்டும் என்பதே சரி. நடை, சைக்கிள், நீச்சல் எல்லாமே சளியை அசைத்து வெளியேற்ற உதவும். நுரையீரலின் திறனையும் எலும்பையும் காக்கும். 'பாவம், உடம்பு முடியாத பிள்ளை' என்று உட்காரவைத்தால் தசை மேலும் மெலியும். சத்து சரியாக உடலில் சேராததாலும், தொற்றாலும், ஸ்டீராய்டு மருந்தாலும் ஏற்கெனவே தொடைத் தசை பலவீனமாகத்தான் இருக்கும்.

சிக்கல், வியர்வையில் இருக்கிறது. எல்லோருக்கும் வியர்வை தோலுக்கு வருவதற்குள் உப்பின் பெரும்பகுதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்ளும். இவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. 1948-ல் நியூயார்க்கைத் தாக்கிய வெப்ப அலையில் இந்த நோயுள்ள குழந்தைகள் துவண்டு விழுந்ததைப் பார்த்துத்தான் மருத்துவர்களுக்கு இந்த உண்மையே பிடிபட்டது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை காயவே காயாது. உப்பு குறைந்தால் தசைப்பிடிப்பு, தலைச்சுற்றல், வாந்தி வரும். முற்றினால் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு விஷயம், இவர்களுக்குத் தாகமும் சரியாக எடுக்காது. வியர்வையோடு உப்பும் வெளியேறிவிடுவதால், ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஏறாது. 'தண்ணீர் குடி' என்று மூளைக்குத் தகவலும் போகாது. எனவே தாகத்தை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்க வேண்டும். இ.சி.ஆர் ஓரத்து இளநீர் நல்லதுதான். ஆனால், அதில் பொட்டாசியம்தான் அதிகம்; சோடியம் குறைவு. அது மட்டும் போதாது. ஓ.ஆர்.எஸ், உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சி ஆகியவை கைகொடுக்கும். 'உப்பைக் குறை' என்று ஊருக்கே சொல்லும் மருத்துவர், இவர்களிடம் மட்டும் 'கூட்டு' என்பார். எவ்வளவு என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

எந்த வலி ஆபத்து?

புதிதாகப் பயிற்சி செய்தால் மறுநாள் வலிக்கும். இரண்டு மூன்று நாளில் தணியும். அது இயல்பு. அளவுக்கு மீறினால் தசை நார்கள் சிதைந்து, உள்ளிருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கலாம். தாங்க முடியாத வலி, வீக்கம், பலவீனம், பால் ஊற்றாத டீ நிறத்தில் சிறுநீர்... இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்துகளையும் கவனிக்க வேண்டும். 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'ட்ரைகாஃப்டா' என்ற மூன்று மருந்துக் கூட்டு, இந்த நோய்க்கான சிகிச்சையையே மாற்றியது. அங்கு அதன் ஓராண்டு விலை 3 லட்சம் டாலரைத் தாண்டும் என்பதால் இங்கே அது பலருக்கும் கனவுதான். அதன் ஆய்வில், தசைச் சிதைவைக் காட்டும் சி.கே என்ற நொதி 100-ல் 10 பேருக்கு இயல்பைவிட 5 மடங்குக்கு மேல் ஏறியது. டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 100-ல் 5 பேர். கடும் பயிற்சியே அந்த அளவை ஏற்றிவிடும் என்பதால், ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய நாள்களில் செய்த பயிற்சியை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் எடுக்கும்போது குதிகாலுக்கு மேல் வலித்தால் ஓட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். தசைநாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு.

மறக்கக் கூடாதவை

* அதிகாலை அல்லது மாலை வெயில் தாழ்ந்த பிறகு மட்டும் பயிற்சி. நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவும்.

* காய்ச்சல், சளியில் ரத்தம், திடீர் நெஞ்சுவலி இருந்தால் பயிற்சி வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

* மாமல்லபுரம் கடலில் இழுப்பு அதிகம். பயிற்சியாளர் இல்லாமல் இறங்கக் கூடாது. மழைக்குப் பிறகு சேறு, குட்டைத் தண்ணீர் பக்கம் போக வேண்டாம். அதிலுள்ள கிருமி நுரையீரலைத் தாக்கலாம்.

* இதே நோயுள்ள இருவர் சேர்ந்து பயிற்சி செய்யக் கூடாது. கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவும்.

* பள்ளியில் பி.டி ஆசிரியரிடம் இரண்டு விஷயங்களை எழுதிக் கொடுங்கள்: 'என் பிள்ளையை விளையாட விடுங்கள். இடையிடையே உப்புக் கரைசல் குடிக்கவும் விடுங்கள்.'