பிள்ளையை ஒப்படைத்தால்தான் சிகிச்சையா?

2008 ஜூலையில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. குழந்தையை வளர்க்க முடியாதவர் அதை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போகலாம். விட்டதற்காக அவர்மேல் வழக்கு வராது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய நம் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அறிந்தவர்களுக்கு இதன் நோக்கம் விளக்காமலே புரியும். டெக்சாஸ் 1999-இல் முதன்முதலாக இப்படியொரு சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ள, ஐம்பதாவதாக, எல்லோருக்கும் கடைசியாக வந்தது நெப்ராஸ்கா.

மற்ற மாநிலங்கள் வயது வரம்பு வைத்திருந்தன. பிறந்து மூன்று நாள், முப்பது நாள் என்று இடத்துக்கு இடம் மாறும். நெப்ராஸ்கா சட்டமன்ற உறுப்பினர்களுக்குள் எத்தனை நாள் என்பதில் ஒத்துப்போகவில்லை. சமரசமாக வரம்பையே எடுத்துவிட்டு, வெறுமனே ‘குழந்தை’ என்று எழுதி நிறைவேற்றினார்கள். மீசை முளைத்த பதினேழு வயதுப் பையனும் சட்டத்தின் கண்ணுக்குக் குழந்தைதான் என்பது அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

அடுத்த நான்கு மாதங்களில் 36 பிள்ளைகள் ஆஸ்பத்திரிகளில் விடப்பட்டார்கள். அதில் ஒன்றுகூடப் பிறந்த குழந்தை இல்லை. பெரும்பாலோர் பத்து வயதைத் தாண்டியவர்கள். செப்டம்பரில் ஒமாஹா நகரில் மனைவியை இழந்த ஒரு தகப்பன் ஒரே இரவில் ஒன்பது பிள்ளைகளை விட்டுப் போனதைத்தான் உலகப் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. ஆனால் விஷயம் மற்றவர்களிடம் இருந்தது. மிச்சிகனிலிருந்து ஒரு தாய் பதின்மூன்று வயது மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஜார்ஜியா, இண்டியானா, ஃப்ளோரிடா, பக்கத்து அயோவா என்று வெளிமாநிலங்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். வந்தவர்களில் பெற்றோர் மட்டுமல்ல, பாட்டி தாத்தாவும் அத்தை சித்தியும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஏற்கெனவே ஏதோவொரு மனநலச் சிகிச்சை நடந்திருந்தது. அதாவது, இவர்கள் எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

எந்தக் கதவுகள் அவை? தம்பி தங்கையைக் கத்தியால் மிரட்டுகிற, வீட்டுக்குத் தீ வைக்க முயல்கிற, தன்னையே அறுத்துக்கொள்கிற பிள்ளைக்கு வாரம் ஒருமுறை கவுன்சலிங் போதாது. சிலருக்கு மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் மையம் தேவைப்படும். அதற்கு மாதம் பல ஆயிரம் டாலர் ஆகும். வேலை பார்க்கும் இடத்தில் கிடைக்கிற மருத்துவக் காப்பீடு இருக்குமே என்று கேட்கலாம். கால் எலும்பு முறிந்தால் தாராளமாகக் கொடுக்கிற பல காப்பீடுகள், மனநலச் சிகிச்சைக்கு மட்டும் வருடத்துக்கு இத்தனை நாள்தான் என்று தனிக் கணக்கு வைத்திருந்தன. உடல்நலத்தையும் மனநலத்தையும் சமமாக நடத்த வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் 2008 அக்டோபர் 3-ஆம் தேதி கையெழுத்தானது. நெப்ராஸ்கா ஆஸ்பத்திரி வாசல்களில் பிள்ளைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த அதே நாட்கள்.

காப்பீடு கைவிட்டால் மெடிகெய்ட். ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவி இது. ஆனால் வருமான வரம்பு உண்டு. சம்பளம் வாங்குகிற நடுத்தரக் குடும்பம் அதற்குள் அடங்காது. கையிலிருந்து கட்டவும் முடியாது.

இங்கேதான் ஒரு விபரீதமான வழி திறக்கிறது. பெற்றோர் பிள்ளைமேல் உள்ள சட்டப் பொறுப்பை மாநிலத்திடம் ஒப்படைத்துவிட்டால், பிள்ளை அரசின் பராமரிப்பில் வந்துவிடும். அப்படி வருகிற பிள்ளைக்கு மெடிகெய்ட் கிடைத்துவிடும். எந்தப் பிள்ளைக்கு அம்மா வைத்துக்கொண்டு கேட்டால் பணம் இல்லையோ, அதே பிள்ளைக்கு அம்மா விட்டுக்கொடுத்தால் பணம் வரும். ஒப்படைப்பது எப்படி? பல இடங்களில், பிள்ளையைக் கவனிக்கத் தவறியதாகத் தானே நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பிள்ளையை அழைத்துப்போக மறுக்க வேண்டும். மூன்றாவது வழி போலீஸ்: மகன் அடித்தான் என்று புகார் கொடுத்தால் சிறார் நீதிமன்றம் மூலமாகச் சிகிச்சை கிடைக்கலாம். குற்றப் பதிவும் கூடவே வரும்.

இது எங்கோ ஒன்றிரண்டு பேருக்கு நேர்ந்ததல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2003-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. மனநலச் சிகிச்சைக்காக மட்டுமே 2001 நிதியாண்டில் 12,700-க்கும் அதிகமான பிள்ளைகளைப் பெற்றோர் குழந்தைகள் நலத்துறையிடமோ சிறார் நீதித்துறையிடமோ ஒப்படைத்ததாக அது சொன்னது. அதுவும் 19 மாநிலங்களின் நலத்துறையும் 30 மாவட்டங்களின் சிறார் நீதி அதிகாரிகளும் தந்த கணக்கு மட்டுமே. மீதி இடங்கள் அதில் சேரவில்லை. ஆக, நெப்ராஸ்காவின் 36 பேர் புதிய நோய் அல்ல. மற்ற இடங்களில் நீதிமன்ற அறைக்குள் ஓசையில்லாமல் நடந்தது, இங்கே ஆஸ்பத்திரி வாசலில் கேமரா முன்னால் நடந்தது.

ஆளுநர் டேவ் ஹைன்மன் நவம்பரில் சட்டமன்றச் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். வயது வரம்பு முப்பது நாள் என்று திருத்தி 21-ஆம் தேதி கையெழுத்திட்டார். வரம்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் கடைசி நாட்களில் இன்னும் சிலர் அவசரமாக வந்து பிள்ளைகளை விட்டார்கள். கதவைச் சாத்த ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. மாற்று வழி காட்ட அடுத்த வருடம் வரை ஆனது. 2009-இல் நிறைவேறிய இன்னொரு சட்டத்தின்படி, 2010 ஜனவரியில் பெற்றோருக்கான இருபத்துநான்கு மணி நேரத் தொலைபேசி உதவி தொடங்கியது. எங்கே போவது என்று கூடவே இருந்து வழிகாட்ட ஆட்களும் நியமிக்கப்பட்டார்கள். நல்ல காரியம்தான். முதலில் செய்திருக்க வேண்டிய காரியம் என்பதுதான் என் குறை.

பெற்றோரின் பொறுப்பைப் பறிக்காமல் உதவ முடியாதா என்றால், முடியும். அயோவாவைச் சேர்ந்த கேட்டி பெக்கெட் என்ற சிறுமி, சுவாசக் கருவியோடு ஆஸ்பத்திரியிலேயே இருந்தால்தான் அரசு பணம் கொடுக்கும், வீட்டுக்குப் போனால் கொடுக்காது என்ற நிலையில் இருந்தாள். 1981-இல் அதிபர் ரீகன் வரை அது பேசப்பட்டது. மறு வருடமே விதி மாறியது: கடுமையான குறைபாடுள்ள பிள்ளைக்குப் பெற்றோர் வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் மெடிகெய்ட் கொடுக்க மாநிலங்களுக்கு அனுமதி கிடைத்தது. கட்டாயம் இல்லை, அனுமதிதான். உடல் குறைபாட்டுக்குக் கிடைப்பதுபோல மனநலக் குறைபாட்டுக்கு அது எளிதில் கிடைப்பதும் இல்லை.

இன்னொரு வழி நீதிமன்றம். மெடிகெய்டில் உள்ள 21 வயதுக்குட்பட்டவருக்குத் தேவையான சிகிச்சையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. அதை வைத்து மாசசூசெட்ஸில் சில குடும்பங்கள் மாநில அரசின்மேல் வழக்குப் போட்டு வென்றன. நெருக்கடி வந்தால் போலீசுக்குப் பதிலாக ஒரு மனநலக் குழு வீட்டுக்கே வரும் ஏற்பாடு அதனால் உண்டானது. வழக்குப் போட்டது 2001-இல். தீர்ப்பு 2006-இல். குழு வரத் தொடங்கியது 2009-இல். வழக்கின்போது பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது பதினெட்டு.