இருக்கைப் பட்டை

இருக்கைப் பட்டை (சீட் பெல்ட்) என்பது மோதலின்போது வாகனத்தில் இருப்பவரின் உடலை இருக்கையோடு பிணைத்து வைக்கும் பாதுகாப்பு அமைப்பாகும். இன்றைய கார்களில் உள்ள மும்முனைப் பட்டையை 1959ஆம் ஆண்டில் சுவீடனின் வோல்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். அதற்கு முன் அவர் விமானிகளுக்கான வெளியேற்ற இருக்கைகளை வடிவமைத்து வந்தவர். இதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த வோல்வோ அனுமதித்தது.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் சுவரில் மோதுகிறது. முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி நிற்கிறது என்று கொள்வோம். உள்ளே இருப்பவர் நிலைமத்தின் காரணமாக விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் வேகத்தில் முன்னோக்கிச் சென்றுகொண்டே இருப்பார். பட்டை அணிந்தவர் காரோடு சேர்ந்து அந்த 60 செ.மீ. தொலைவில் வேகத்தை இழக்கிறார். அவருடைய எதிர்முடுக்கம் சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 16 மடங்கு. அணியாதவர் ஸ்டீயரிங்கிலோ டேஷ்போர்டிலோ மோதி 10 செ.மீ.க்குள் நிற்க நேர்ந்தால் அது 100 மடங்கை நெருங்கும். வேகம் ஒன்றே, நிற்கக் கிடைக்கும் தொலைவுதான் வேறு. கையை ஊன்றிச் சமாளிக்கலாம் என்பது வீண் நம்பிக்கை. 60 கிலோ எடையுள்ளவரை 16 மடங்கில் நிறுத்த, ஏறக்குறைய ஒரு டன் எடைக்கு ஈடான விசை வேண்டும்.

இயங்கும் முறை

பட்டை ஒரு சுருளில் சுற்றப்பட்டிருக்கும். மெதுவாக இழுத்தால் வரும்; வெடுக்கென இழுத்தால் பூட்டிக்கொள்ளும். இதை நிற்கும் காரிலேயே சோதித்துப் பார்க்கலாம். காரின் வேகம் சட்டெனக் குறைவதை உணர, சிறு எஃகுக் குண்டு அல்லது ஊசல் ஒன்றும் உண்டு. இரண்டில் எது இயங்கினாலும் ஒரு நெம்புகோல் பற்சக்கரத்தில் மாட்டிச் சுருளை நிறுத்திவிடும்.

பூட்டினால் மட்டும் போதாது. பட்டைக்கும் உடலுக்கும் இடையே தளர்வு இருந்தால், நிற்கக் கிடைக்கும் தொலைவில் ஒரு பகுதி வீணாகிவிடும். எனவே பல கார்களில், மோதலை உணரி கண்டறிந்த சில மில்லி விநாடிகளில் சிறிதளவு வெடிமருந்து எரிந்து, அதன் வாயு அழுத்தம் பட்டையை உள்ளிழுக்கிறது. பிறகு நேர்மாறான வேலை தொடங்குகிறது. பிடி இறுகிக்கொண்டே போனால் விலா எலும்பு முறியும். அதனால் சுருளின் அச்சிலுள்ள முறுக்குத் தண்டு, விசை குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் முறுக்கிக்கொண்டு பட்டையைச் சிறிது வெளியே விடுகிறது. எரிந்த மருந்தும் முறுகிய தண்டும் மறுமுறை பயன்படா. இவை இயங்கியபின் பட்டைத் தொகுதியையே மாற்ற வேண்டும். பழைய கார் வாங்குவோர் பலர் இதைக் கேட்பதே இல்லை.

அணியும் முறை

கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும். வயிற்றின்மேல் கிடந்தால் உள்ளுறுப்புகள் காயமடையும். கர்ப்பிணிகள் அதை வயிற்றுக்குக் கீழே அணிய வேண்டும். மேல்பட்டை தோள்பட்டை எலும்பையும் நடுமார்பையும் கடந்து செல்ல வேண்டும். எச்சரிக்கை ஒலியை நிறுத்த வெறும் கொக்கியைச் செருகி வைப்பவர்கள் காற்றுப்பை காப்பாற்றும் என்று எண்ணுகிறார்கள். அது பட்டைக்குத் துணையாக வடிவமைக்கப்பட்டது. பட்டையின்றி முன்னால் சரிபவரை, விரிந்துகொண்டிருக்கும் பையே தாக்கக்கூடும்.

பின்னிருக்கையில் பட்டை அணியாதவர் முன்னிருக்கையின் முதுகில் மோதுவார். அப்போது பட்டை அணிந்து முன்னால் இருப்பவரும் நசுங்க நேரிடலாம். இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138(3)ஆம் விதி, முன்னோக்கிய பின்னிருக்கைகளில் அமர்வோரும் பட்டை அணிய வேண்டும் என்கிறது.